களத்துக்கு மேலே வந்த தும்பி

"ஏங்க, ஒங்க தும்பிக்குக் காது கேக்குமா?"

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் இப்படிக் கேட்டதும் நான் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பொடி மினுங்கும் வெடிக் கம்பெனிக் கை அவளுக்கு. பக்கத்தில் கணவன், அவன் மடியில் ட்ரோன் பெட்டி; அதைத்தான் தும்பி என்கிறாள்.

"கண்ணுதான் உண்டு புள்ள. அதுவும் அரைக் கண்ணு. மரம், சுவரு வந்தா நின்னுரும். மெல்லிசா எதுவும் இருந்தா தெரியாது."

"நேத்து எதுக்கு எங்க கம்பெனிப் பக்கம் வந்துச்சு?"

"நாரணாபுரத்துல கல்யாணத்தை எடுத்துக்கிட்டு இருந்தேன். பேட்டரி கொறைஞ்சதும் அதுவாத் திரும்பிருச்சு. ஒசரத்தைக் கம்மியா வச்சுட்டேன், குறுக்க ஒங்க களம்."

"மேல இருந்து எப்பிடி இருந்துச்சு?"

"வெடிமருந்து உருண்டையைப் பரப்பி வச்சிருந்தீகளா, நட்சத்திரத்தை வெயில்ல காயப் போட்ட மாதிரி இருந்துச்சு. நடுவுல நீ நின்னு ரெண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டுன. ஒன்னைய முழுசாப் பாக்கணும்னு ஆசையில கொஞ்சம் மேல தூக்குனேன்."

ஜன்னலில் கருவேலங்காடு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் டாட்டா காட்டலங்க. அது இடிதாங்கிக் கம்பிக்கு நேரா வந்துச்சு. கீழ அம்புட்டும் மருந்து. மேல போ, மேல போன்னு கத்தி விரட்டுனேன். அதுவும் மேல போயிருச்சு. காது கேட்டுச்சுன்னே நெனச்சுட்டேன்."