குறைந்ததாக நான் சொன்ன மூன்று கற்கள்

என் பெயரும் முகவரியும் இன்று காலை நான் கொடுத்த புகாரில் உள்ளபடியே. வயது எழுபத்து நான்கு. கணவர் காலமாகிவிட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அந்தப் புகாரைத் திரும்பப் பெறுவதற்காக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் கணவரின் தங்கை, எனக்கு நாத்தனார், பல வருடங்களாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார். என் கணவரின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைத் தனக்கு ஞாபகமாகத் தரும்படி அவர் கேட்டு வந்தார். நின்றுபோன பொருளைக் கொடுப்பது மரியாதையில்லை, பழுது பார்த்தபின் யோசிக்கலாம் என்று நான் சொல்லி வந்தேன். யாரிடமும் நம்பிக் கொடுக்க மனமில்லாததால், இன்று கடிகாரக்காரரை வீட்டுக்கே வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, என் கண்முன்னே பிரிக்கச் சொன்னேன். உள்ளே எத்தனை உறுப்பு என்று கேட்டேன்.

"சாதாரண வாட்ச்தாம்மா. இதுக்கே நூத்துமுப்பது கிட்ட வரும்," என்றார்.

என் நாத்தனார், "அண்ணன் நேரம் தவறாம இருக்க இத்தனை பேரு வேலை பார்த்தாங்களா! அண்ணி ஒருத்திதான்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார். கடிகாரக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு கடிகாரக்காரர் எண்ணெய் எடுத்துவரத் தன் கடைக்குப் போனார். நான் அடுப்பை அணைக்க உள்ளே போய் வந்தேன். மேசையருகே நாத்தனார் மட்டும் இருந்தார். கடிகாரக்காரரின் லென்ஸை எடுத்து நானே சரிபார்த்தேன். முகப்பில் பதினேழு கல் என்று அச்சிட்டிருக்கிறது; சக்கரங்கள் தேயாமலிருக்க உள்ளே பதிக்கும் கற்களின் கணக்கு அது. தகடுகளில் பதித்த சிவப்புக் கற்கள் பதினான்குதான் இருந்தன. மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டேன்.

"முழுங்கிட்டேன் அண்ணி. வேணும்னா வயித்தைக் கீறிப் பாருங்க," என்றார். அது விளையாட்டுப் பேச்சு என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் உறுப்புகளை லென்ஸோடு ஒரு டப்பாவில் போட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, அவர் திருடியதாக எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு பெண் காவலர் அவரைச் சோதனையிட அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். கதவு முழுவதும் மூடவில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லும்படி அதிகாரி என்னைக் கேட்டார். லென்ஸில் பார்த்தபோது, நங்கூரம் போன்ற ஒரு சின்ன உறுப்பின் இரு கைகளிலும் நகக்கீற்று போல இரண்டு சிவப்புக் கற்கள் பதிந்திருப்பதைக் கண்டேன். வட்டமான கற்களையே தேடியதால் வீட்டில் அவற்றைக் கவனிக்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் சோதனை நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. இன்னும் ஒன்று குறைகிறதே, அது இல்லாமல் போனால் என் புகார் நிலைக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே, "கொண்டையை அவிழுங்க" என்று குரல் கேட்டது. "அது மட்டும் வேண்டாம்மா," என்றார் நாத்தனார். அதன் பிறகும் நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கல், முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் அடியில், ஊசிமுனை அளவில் இருந்தது. அதைக் கண்டு நான் எழுந்து போனபோது அவருடைய சவுரிமுடி அங்கே மேசைமேல் கிடந்தது. ஒரே வீட்டில் இருந்தும் அவர் சவுரி வைப்பது எனக்குத் தெரியாது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

அதிகாரி இதைக் கவனக்குறைவு என்று எழுத இருந்தார். வேண்டாம் என்றேன். வீட்டில் செய்தது கவனக்குறைவு. இரண்டு கல்லைப் பார்த்த பிறகு செய்தது அதுவல்ல.

அதன் பிறகு, கடிகாரத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று டப்பாவை நீட்டினேன். "நல்லா எண்ணிப் பார்த்துக் குடுங்க அண்ணி. அப்புறம் ஏதாவது குறையப்போகுது," என்று சொல்லிவிட்டு, வாங்காமல், வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இதை எழுதும்வரை அங்கேயே இருக்கிறார். என்னோடு வீட்டுக்கு வருவாரா என்று பெண் காவலர் மூலம் கேட்டனுப்பினேன். பதில் வரவில்லை.

மேலே உள்ளது யாரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்னது, சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது. அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். வாசல்வரை கேட்கும்படி உரக்க வாசிக்கச் சொன்னதும் நானே.

(கையொப்பம்)