அடுத்த ஸ்டேஷனில் நிற்பவர்

சிங்கப்பூரிலேயே எங்கள் புக்கிட் பாஞ்சாங்கில்தான் கடிகாரம் அவ்வளவாகத் தேவைப்படாது, சார். ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் சமையலறை ஜன்னலோரம் போவதைப் பார்த்துத்தான் அரிசி களைவோம். வீடுகளை நெருங்கியதும் ரயிலின் கண்ணாடி தானாக வெளுத்துவிடும், உள்ளே இருப்பவர்கள் எங்களைப் பார்த்துவிடக் கூடாதென்று. என் தொந்திக்குத் திரை போடும் ரயில் என்பேன். முன்பெல்லாம் என் மனைவி பிலோமினம்மாள் சிரிப்பாள்.

மூன்று வருடமாக அவளுக்கு மறதி. காலையில் கட்டில் மூலையில் ஒடுங்கிக்கொண்டு, "யாருய்யா நீ? என் வீட்டுக்காரர் வந்தா உன்னை உயிரோட விடமாட்டாரு" என்பாள். அந்த வீட்டுக்காரன் நான்தான். இருந்தாலும் வாசலில் காலடி கேட்டால், அந்த ஆள் வந்துவிட்டானோ என்று நானே போய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். போன மாதம் ஒரு காலை கண் விழித்தபோது கறிக்கத்தியோடு என் தலைமாட்டில் நின்றாள். பாவம், என்னைவிட அவளுக்குத்தான் பயம்.

ரயிலில் ஏற்றிவிட்டால் பயம் போய்விடும். அங்கே யாரும் யாரையும் அடையாளம் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. முதலில் நான் மார்க்கெட்டுக்குப் போகும் அரை மணி நேரம் மட்டும் ஏற்றிவிட்டேன். பிறகு சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை இருக்கும் பகல் முழுவதும். டயப்பர் கட்டி உட்காரவைப்பேன். ரயிலில் சாப்பிடக் கூடாது, நான் சட்டத்தை மதிப்பவன், அதனால் சாப்பாடு கொடுத்தனுப்பவில்லை. வட்டமாகச் சுற்றும் ரயில்தானே, சாயங்காலம் ஸ்டேஷன் மேடையில் நின்றால் அவளே சுற்றி வந்துசேர்வாள்.

மாதா கோயில் ஆட்கள் என் கடை நம்பரை எழுதி அவள் கையில் ஒரு பட்டை மாட்டியிருந்தார்கள். கடைக்கு போன் வர ஆரம்பித்தது.

"என்ன ஆம்ப்ரோஸ், மறுபடியும் ஸ்டேஷன்லேர்ந்து போன் லா. உன் வீட்டம்மா ரயிலையே குத்தகைக்கு எடுத்துட்டாங்களா?" என்றார் முதலாளி அப்துல் அஜீஸ்.

நானும் சிரித்தேன். அன்று துணிக் கத்தரிக்கோலால் அந்தப் பட்டையை வெட்டினேன். தோலில் படாமல்தான் வெட்டினேன்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்ததைக் கேமரா படத்தில் காட்டினீர்கள். கதவு திறக்கிறது, கூட்டம் இறங்குகிறது, கதவு மூடுகிறது. கூட்டத்தில் தவறவிட்டேன் என்று எழுதிக்கொண்டீர்கள். படத்தில் சத்தம் இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

அவள் கதவருகே வந்து என்னைப் பார்த்தாள். "அண்ணே, என் வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போக வரேன்னாரு. இதுதான் இறங்குற இடமா?"

எவ்வளவு மரியாதை. இரண்டடி தூரத்தில் நான்.

"இல்லம்மா. அவர் அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிறாரு. போய் உட்காருங்க."

"ரொம்ப தேங்ஸ்ண்ணே."

வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுத் தூங்கினேன். இன்று காலை பத்து மணிக்குத்தான் அவளைக் காணோமென்று போலீஸில் உங்களிடம் வந்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிரே வரும் ஒவ்வொரு ஆணின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வெளியே நடந்துபோகிறாள், அதுவும் உங்கள் படத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே போனாள் என்று உங்களுக்கும் தெரியவில்லை.

மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் தேடிய ஆள் எங்கள் மேடையில் இல்லை.