மோலிக்கு ஊட்டிய கை

காபி ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் போதகரய்யா. பிள்ளையைத் தாய்தான் வளர்க்க வேண்டும் என்று போன ஞாயிறு பிரசங்கம் செய்தீர்கள். எனக்கு அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. மோலியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டியது நான்தான்.

என் தம்பி எலியேசரின் மனைவி ரோசலின் நல்ல பெண். பள்ளிக்கூட டீச்சர். நாடு குடியரசான வருஷம் மோலி பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும், தாய்ப்பாலை மறக்கடிக்க வேண்டும் என்றாள் ரோசலின். நான்தான் நாட்டுமருந்துக் கடையில் கரியபோளம் வாங்கி உரைத்துக் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் மார்பில் தடவுவதுதானே, தப்பில்லை. கசப்பு பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்து, அழுதுகொண்டே என்னிடம் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்கென்று குடும்பம் அமையவில்லை, உங்களுக்குத் தெரியும். அதற்குமுன் யாரும் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பால் மறந்த பிறகும் கரியபோளம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன்? பள்ளியிலிருந்து வந்ததும் ரோசலின் கை துடைக்கும் சிவப்புத் துவாலையை அது கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டேன். ஈரக்கையைத் துடைப்பாள், சாதம் பிசைவாள், ஊட்டுவாள், மோலி துப்புவாள். பிறகு நான் ஊட்டினால் சமர்த்தாக வாங்கிக்கொள்வாள்.

"கை என்னமோ கசக்குது அக்கா" என்று ரோசலின் ஒருநாள் சொன்னாள்.

"எல்லாம் சாக்பீஸ் தூளும்மா. வேலையை விட்டா சரியாயிடும்" என்றேன்.

பாவம், தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் வெடித்தது. துடைக்க அதே துவாலைதான். சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் வேலையையும் விட்டாள். மோலி என்னவோ அவளைக் கண்டாலே ஓடினாள்.

தசரா ஊர்வலத்தன்று குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பொரி வாங்கப் போனேன். மோலி அலறிய அலறலில் யானையே நின்றிருக்கும். பிள்ளை பிடிக்கிறவள் என்று கூட்டம் ரோசலினைச் சூழ்ந்துகொண்டது. பூக்காரி கெம்பம்மா குழந்தையைப் பிடுங்கி, "நின்ன அம்மா யாரு?" என்று கன்னடத்தில் கேட்டாள். பொரியோடு ஓடிவந்த என்னை மோலி காட்டினாள். அந்த வாத்தியம், அந்த வெளிச்சம் எல்லாம் எனக்காகவே என்று தோன்றியது. நான் மறுக்கவில்லை. ரோசலினும் மறுக்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் எலியேசரே அவளை மார்டள்ளியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே அவள் எதையும் கையால் தொடுவதில்லை, அவள் அம்மாதான் ஊட்டிவிடுகிறாள் என்கிறீர்கள். நல்லதுதானே ஐயா. பிள்ளைக்குத் தாய்தான் ஊட்ட வேண்டும், நீங்கள் சொன்னதுதான்.

ஆமாம், நான்தான் செய்தேன். எலியேசரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ரோசலினையும் அழைத்து வாருங்கள். பிள்ளை யாரிடம் போகிறது என்று எல்லாரும் பார்க்கட்டும்.

இருங்கள், மோலிக்குச் சாப்பாட்டு நேரம். என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.