மணி என்னிடம் அடிக்கும்

உங்கள் போனில் ஒருநாளும் திறக்காத செயலி ஒன்றாவது இருக்கும் மேடம். கம்பெனிக்காரன் வைத்து அனுப்பியது. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்பான். காசு கொடுத்து வாங்கியவனிடமே இப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பூட்டை உடைப்பதற்கு எங்கள் போன் ரிப்பேர் தொழிலில் ரூட் பண்ணுவது என்று பெயர். முதன்முதலில் என் போனை ரூட் செய்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாததை எல்லாம் தூக்கி எறிந்தேன். எழுத்து, நிறம், சத்தம், எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தேன்.

கீழே கடை, மேலே வீடு. அப்பா அம்மா போன பிறகு நானும் அக்காவும் மட்டும்தான். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. கையில் ஒட்டிய சிறு வில்லை ஒன்று அளவு பார்த்து அவள் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கினால் அவள் போன் ஊரைக் கூட்டும்.

"தம்பி, இது ஊர்ந்து ஊர்ந்து போகுதுடா, கொஞ்சம் பாரேன்" என்று அவளே கொடுத்தாள். ரூட் செய்தேன். சர்க்கரைச் செயலி மட்டும் முரண்டு பிடித்தது: இந்தப் போன் மாற்றப்பட்டிருக்கிறது, பாதுகாப்பில்லை, திறக்க மாட்டேன் என்றது. மாற்றமே நடக்காதது போல ஒரு திரை போட்டு ஏமாற்றினேன். நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. நான் விசிலடித்தேன்.

அப்படியே அவள் திரை என் போனிலும் தெரிகிற மாதிரி செய்துவைத்தேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். அதில்தான் பார்த்தேன்: வேறு ஊரில் வேலை வாங்கியிருக்கிறாள், அறையும் பேசிவிட்டாள். தோழிக்கு எழுதியிருந்தாள்: "அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." அறைக்காரரின் செய்திகளை அவள் பார்ப்பதற்குள் அழித்தேன். அவள் வேறு அறை பிடித்தாள். பிடிவாதக்காரி.

கடைசியில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். நீ தனியாக மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"அதான் அலாரம் இருக்கேடா."

சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள். தம்பி ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்க, அவளுக்கு நம்பிக்கை ஒரு மணிச்சத்தத்தின் மேல். அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

அந்த அலாரத்தை யாரும் நிறுத்த முடியாதபடி பூட்டியிருந்தார்கள். பூட்டு என்றால் என் கை சும்மா இருக்குமா? அவள் போனில் நிறுத்தி, மணி என் போனில் அடிக்கும்படி திருப்பினேன். திட்டம் அவ்வளவுதான். ஒரு சின்ன மயக்கம். மணி அடித்ததும் நான் சர்க்கரைத் தண்ணீரோடு படியேறி ஓடுவேன். கண் திறந்து, "நீ இல்லேன்னா என்னடா ஆயிருப்பேன்" என்பாள். ஊருக்குப் போக இறக்கிய பெட்டி மறுபடி பரண் ஏறும். நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பாக வந்தது.

அன்று மதியம் கடையில் ஆள் இல்லை. என் போனுக்குப் புதிய சிஸ்டம் ஒன்று வந்திருந்தது. போட்டுப் பார்த்தேன். திரையில் சின்னம் மட்டும் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தவறாக ஏற்றினால் போன் அப்படியே செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது எழும் அழகைப் பார்க்கக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். மேலே ஏதோ விழுந்தது. பெட்டி கட்டுகிறாள் என்று நினைத்தேன். துணி கொடுக்க மேலே போன பக்கத்துக் கடைத் தையல்கார அம்மா அலறியபோதும் சின்னம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆமாம், மணியை நிறுத்தியது நான்தான். அவள் மயங்கி விழட்டும் என்று காத்திருந்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா கண் விழித்துவிட்டாள் என்றீர்கள், வயிற்றில் பால் வார்த்தீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்றதாகவும், புதுப் போன் ஒன்றை வேறு கடையில் வாங்கித் தரச் சொன்னதாகவும் சொன்னீர்கள். கோபம், தணிந்துவிடும். வாங்கியதும் அதை ஒரு நிமிடம் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள் மேடம். அவளுக்குப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கண்டவன் கையில் மாட்டிக்கொள்வாள்.