ரேட்டு மட்டும் சொல்லிடாதீங்க

இல்ல இல்ல, பேனாவ உள்ள வைங்க தம்பி. ரேட்டு எங்க ஓடிப்போகப் போகுது? மொதல்ல உக்காருங்க. பின்பக்கக் கூரைய ஏறிப் பாத்துட்டீங்க, அளந்துட்டீங்க, ஓடு பூரா மாத்தணும், அடிப்பலகை உளுத்துப் போச்சு, அவ்வளவுதானே? புரிஞ்சுது. காலையில பத்து மணிக்கே நம்ம விசேலியா ஊருல இந்த அடி அடிக்குது வெயிலு, மத்தியானம் கூரை மேல முட்டை பொரிக்கலாம். எலுமிச்சை ஜூஸ் கலந்து வச்சிருக்கேன், குடிங்க. சக்கர பத்தலன்னா, இருங்க, ஸ்பூன் இந்த டிராயர்ல... இதுல இல்ல. இதுலயும் இல்ல. போகட்டும், கிளாஸ அப்படியே ஆட்டிக் குடிச்சிருங்க.

வேற எடத்துக்குப் போகணுமா? போகலாம், போகலாம். நா ஒண்ணு கேக்கறேன். உங்க வண்டிக் கதவுல ராய்ஸ் கூரை வேலைன்னு நீலத்துல எழுதியிருக்கு, அழகா இருக்கு. அதுக்குக் கீழ மட்டும் ஒரு பட்டைக்கு வெள்ளப் பெயிண்ட் புதுசா இருக்கே, என்ன அது? கீறலா? சரி, கீறல்தான். ஆனா சாய்வெயில்ல பாத்தா அந்தக் கீறலுக்குள்ள லைசன்ஸ் நம்பர் வரிசையாத் தெரியுது தம்பி. இன்னொரு கோட்டு அடிச்சிருக்கணும். கூரைக்காரருக்குப் பெயிண்ட் வேல வராதுன்னு சும்மாவா சொன்னாங்க?

அட, மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து போகுது? கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. கூரை ஓடு விக்கிற டிப்போக்காரங்க லைசன்ஸ் போர்டுக்குப் புகார் எழுதிட்டாங்களா? நெனச்சேன். எத்தன வருஷமா வாங்குற டிப்போ? பதினாலு வருஷமா! பதினாலு வருஷம் சரக்குக் குடுத்தவனே போர்டுக்குப் போறான்னா, அவன் ஃபோன நீங்க எடுக்கலன்னு அர்த்தம். பாக்கிய விட அதான் தம்பி அவனுக்குச் சுட்டிருக்கும். எடுத்து, இப்ப இல்லப்பா, அடுத்த மாசம் தரேன்னு வாயால சொல்லியிருந்தா இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருப்பான்.

லைசன்ஸ் ரத்தா, நிறுத்தி வச்சிருக்காங்களா? நிறுத்தித்தான். அப்ப பாக்கிய அடைச்சா திரும்பி வந்துரும். அடைக்க இன்னும் எத்தன மாசம் ஆகும்? அஞ்சா? அஞ்சே மாசம்! அது வரைக்கும் வேற ஒருத்தர்கிட்ட கூலிக்கு ஏறக் கூடாதா? தெரியும், சொல்லாதீங்க. மொதலாளியா இருந்தவருக்கு மானம் தடுக்குது. ஆனா லைசன்ஸ் நின்னு போன நேரத்துல ஒரு வீட்டுக்காரி எதிர்ல உக்காந்து ஒரு ரேட்டு சொன்னா, அது ஒண்ணே போதும். கேசு, அபராதம், அப்புறம் அந்த நம்பர் திரும்பக் கெடைக்கிறது குதிரக் கொம்புதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே பெயிண்ட் அடிச்சீங்க.

ஒரு நிமிஷம். கொழாய் ஒழுகுதா பின்னால? இல்லையா? சரி.

எனக்கு எப்படித் தெரியும்னா, நா அடிபட்டவ. எட்டு வருஷம் முன்னால எங்க வீட்டுக் கூரைய ஒருத்தன் மாத்தினான், க்ளென்னு பேரு. வாய்ல வெண்ணெய் ஒழுகும். வேல முடிஞ்ச அன்னைக்கே பூராப் பணமும் செக்காக் குடுத்தேன், கேக்கு வேற செஞ்சு குடுத்தேன் அந்தப் பாவிக்கு. ஆறு வாரம் கழிச்சு ரிஜிஸ்டர் தபால் வருது. ஓட்டுக்கு அவன் டிப்போல காசே கட்டலயாம். அதனால என் வீட்டு மேல வில்லங்கம் போட்டுட்டாங்க. எங்க கூரையில இருக்குற ஓடு எனக்குச் சொந்தமில்லையாம்! பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். அந்த ஓட்டுக்கு ரெண்டாவது தடவ நாந்தான் கட்டினேன். எங்க வீட்டுக்காரரு அப்ப ஆஸ்பத்திரியில கெடக்காரு, அவரு ஆசையா வச்சிருந்த வண்டிய வித்துக் கட்டினேன். கடைசி வரைக்கும் அவருகிட்ட சொல்லல. வண்டி எங்கன்னு கேட்டாரு, ஷெட்ல நிக்குதுன்னேன்.

க்ளென்ன விட்டேனா? நானே போர்டுக்கு எழுதினேன், நானே போய் சாட்சி சொன்னேன். லைசன்ஸ் பறிபோச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்த என்னன்னு சொல்றது, எங்க வீட்டுக்காரரு போனதுக்கு அப்புறம் மொத மொதலா நா வயிறாரச் சாப்பிட்டது அன்னைக்குத்தான். கூரைக்காரன்னாலே திருடன்னு மனசுல எழுதி ஒட்டிட்டேன்.

உங்களச் சொல்லல. உங்களையும் சேத்துத்தான்னு வைங்களேன், ஒளிச்சு என்ன ஆகப் போகுது. நீங்க குடுக்காத பாக்கிக்கு எவளோ ஒருத்திக்கு ரிஜிஸ்டர் தபால் போயிருக்குமே. ரெண்டு பேருக்கா? ம். அவங்ககிட்ட போய் நின்னீங்களா? போகணும் தம்பி. ரேட்டு சொல்றதுக்கு இருக்குற வாய் அதுக்கும் இருக்கணும்.

இப்ப இன்னொருத்தரு கதை. போர்ட்டர்வில் பக்கம் டெல்பெர்ட் ஹாஸ்கின்ஸ்னு, பழைய ஆளு. தெரியாதா? சரி. உங்க மாதிரிதான், ஓட்டுப் பாக்கி, லைசன்ஸ நிறுத்தியிருந்தாங்க. அவருக்கு ஒரு பெரிய வீட்டுக்காரன் நாமம் போட்டுட்டான். அங்க விழுந்த ஓட்டைய அடுத்த வீட்டு அட்வான்ஸ வச்சு அடைச்சாரு, அந்த வீட்டுக்கு அதுக்கடுத்த வீட்டு அட்வான்ஸு. சிரிக்கிறீங்க பாருங்க, அடையாளம் தெரியுதா? ஆனா மனுஷன் ஓடல. பாக்கியக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டே வந்தாரு. ஒரே ஒரு வேல வந்தா மிச்சத்தையும் கட்டிட்டு லைசன்ஸ வாங்கிடலாம்னு இருந்தப்போ, ஒரு பொம்பள ஃபோன் பண்றா. தாழ்வாரக் கூரை ஒழுகுது, வந்து பாருங்கன்னு.

போனாரு. ஏறிப் பாத்தாரு. எறங்கி வந்து சமையக்கட்டு மேசையில உக்காந்தாரு. அவ ஜூஸ் குடுத்தா. நல்ல மனுஷரு, ஒளிக்கத் தெரியல, அம்மா எனக்கு இப்ப லைசன்ஸ் இல்ல, உங்க வேலைதான் அத மீட்டுக் குடுக்கப் போகுதுன்னு எல்லாத்தையும் அவகிட்ட கொட்டிட்டாரு. டிப்போக்காரரு பேரு, எவ்வளவு மிச்சம், வீட்டம்மா பள்ளிக்கூடச் சமையல்ல வேல பாக்குறது, எல்லாம். அவளும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டா. கேட்டுட்டு சொன்னா, எனக்கு மறதி ஜாஸ்தி, ரேட்ட ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்கன்னு. எழுதினாரு. கையெழுத்தும் போட்டாரு, கேக்காமலே. உள்ளேருந்து ரெண்டு பேரு வந்தாங்க.

ஆமா, போர்டு ஆளுங்கதான். இப்படி வீடு புடிச்சு, பொம்பளைய உக்கார வச்சுப் புடிக்கிறது உண்டுன்னு நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. வெலங்கெல்லாம் போடல. சம்மன எழுதிக் கையில குடுத்தாங்க. அவரு சத்தம் போடல, திட்டல. எந்திரிச்சுப் போய், தான் குடிச்ச கிளாஸ கொழாய்ல கழுவினாரு. மெதுவா, சோப்புப் போட்டு, உள்ள வெரல விட்டுக் கழுவினாரு. கழுவிக் கவுத்து வச்சுட்டு, உங்களுக்கு சிரமம் குடுத்துட்டேன் மேடம்னாரு. மூணு வாரம் கழிச்சு ஆரஞ்சுத் தோப்புக்கிட்ட வண்டிய நிறுத்தி, வண்டிக்குள்ளயே... பேப்பர்ல நாலு வரி போட்டிருந்தான்.

கிளாஸ் கழுவினது எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? கை தொடைக்கத் துண்டு எடுத்துக் குடுத்தது நாந்தானே.

ஆமா தம்பி. நாந்தான் அந்தப் பொம்பள. க்ளென் கேசு முடிஞ்சதும் போர்டுல கேட்டாங்க, வயசான பொம்பளைன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, வர்றீங்களான்னு. ஓடிப் போனேன். டெல்பெர்ட்டுக்கு முன்னால பத்துப் பேர எழுத வச்சேன். அவரு உண்மையத்தான் சொல்றாருன்னு எனக்குத் தெரிஞ்சுது, அதான் தாங்கல. தெரிஞ்சேதான் தாள நீட்டினேன். சாவுக்குப் போனேன், சர்ச்சுல கடைசி வரிசையில உக்காந்தேன். அவரு வீட்டம்மா வந்து கையப் புடிச்சுக்கிட்டு, உங்க வீட்டுக் கூரையும் அவருதான் போட்டாரான்னு கேட்டாங்க. நா ஆமான்னேன். நல்லா இருக்கா, ஒழுகலையேன்னாங்க. ஒரு சொட்டு கூட இல்லன்னேன். அந்தம்மா என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க தம்பி, அவரு கடைசியா அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு, நா நல்ல வேலைக்காரன்தானேன்னு. அந்தப் பொய்ய நா எங்க கொண்டு போய்க் கழுவுறது?

அதுக்கப்புறம் எந்த வீட்டுல உக்காந்தாலும் பின்னால கொழாய்த் தண்ணி விழுற சத்தம் கேக்குது. பேயின்னு சொல்லல. இந்த வீட்டுக் கொழாய இறுக்கி மூடினேன், ரெண்டு தடவ போய்ப் பாத்தேன். இப்பவும் விழுது. உங்களுக்குக் கேக்கலல்ல? எனக்கு வந்த கடனு அது, எனக்குத்தான் கேக்கும்.

ஏன் இந்த வேலைய நிறுத்தலன்னா? நிறுத்தினா அவரு செத்ததுக்கு நாந்தான் காரணம்னு ஆயிருமேன்னு தொடர்ந்து வந்தேன். முட்டாத்தனம்தான். அவருக்கு அப்புறம் ஆறு பேரு. ஒவ்வொருத்தனும் ஒரு அயோக்கியனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே உக்காருவேன். பாதிப் பேரு அயோக்கியனுங்கதான், அதுல சந்தேகம் இல்ல. நீங்க வாசல்ல செருப்பு மண்ணத் தட்டிட்டு உள்ள வந்தப்போ கூட எழுதிக் குடுங்கன்னு கேக்கத்தான் இருந்தேன். வாய் வரல.

ஏன் தம்பி குரல எறக்குறீங்க? நல்லா உரக்கவே பேசுங்க. பழக்கூடைக்கு அடியில மைக்கு இருக்கு. அந்தப் படுக்கையறையில போர்டு ஆளுங்க ரெண்டு பேரு காதுல மாட்டிக்கிட்டு எட்டரை மணிலேருந்து உக்காந்திருக்காங்க. நா பேசின அத்தனையும் அவங்க கேட்டாச்சு, நாளைக்கு என்னைய இந்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட வேண்டாம். ஆனா நீங்க வந்ததுலேருந்து கூரையப் பத்திப் பேசினீங்க, வெயிலப் பத்திப் பேசினீங்க, ஒரு ரேட்டும் உங்க வாய்லேருந்து வரல. எந்திரிங்க. டிப்போக்காரருக்கு வண்டியிலேருந்தே ஃபோன் போடுங்க.