உளுந்துக் கடைக்கு ஒரு புகார்

“…தப்பு உளுந்து அனுப்புனவன் மேலதான். இருந்தாலும் முதல் வரியில நாம மன்னிப்புக் கேட்டுருவோம்.”

மும்பை கிங்ஸ் சர்க்கிள் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சொன்னார். தாராவியில் இட்லி அவித்து விற்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் போனில் தட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய அக்கா மகள். நவி மும்பை ஐரோலியில் ஆபீஸ் வேலை.

“நாம எதுக்கு சித்தி? நாலு நாளா மாவு பொங்கல. ‘குவாலிட்டி ரொம்ப மட்டம்’னு கிராமர் தப்பில்லாம இங்கிலீஷ்ல எழுதிட்டேன்.”

“ஏட்டி, அதை அழி. கோவிச்சுக்கிட்டு மூட்டை இறக்கலைன்னா நாளைக்கு எதை அரைக்க?”

“அப்ப ‘லேசா குறை இருக்கு’ன்னு போடவா?”

“லேசான்னா இதே உளுந்தைத்தான் திரும்ப அனுப்புவான். இன்னைக்கே பாதி இட்லி சட்டியிலயே கிடக்கு.”

“பேசாம போன் பண்ணிச் சொல்லுங்க.”

“அண்ணாச்சி இருந்தவரைக்கும் அப்படித்தான். இப்பம் மவன்லா கடையைப் பாக்கான். எழுதி அனுப்புனாத்தான் கேப்பானாம்.”

“சரி, மன்னிப்பும் போட்டாச்சு, மட்டமும் போட்டாச்சு. கடைசியில என்ன போட?”

“அவன் அம்மா சௌக்கியமான்னு கேளு.”

“புகார்லயா?”

“அம்மாவ விசாரிச்சவ மேல எவன்ட்டி கோவப்படுவான்?”

பஸ் வந்தது. அம்மாள் போனை வாங்கித் தானே அனுப்பினார். பிறகு என்னை முன்னால் ஏறச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, பதில் வருகிறதா என்று போனையே பார்த்தபடி வரிசையிலேயே நின்றுவிட்டார்.