குமிழ்ப்பாசி

காபி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள் ஸ்டான்லி தம்பி. சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள். மதுரையிலிருந்து மெனக்கெட்டு வந்தவருக்குக் காலித் தொட்டியைக் காட்டுகிறோமே என்று எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தும் மீனும் பவளமும் எப்படிச் செத்தன என்று கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

உங்கள் சிநேகிதருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த அல்லிநகரம் வீட்டுக்கு நான் வந்தபோதே கூடத்தில் அந்தக் கடல்தண்ணீர்த் தொட்டி இருந்தது. தேனிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆளுக்கொரு கிறுக்கு. எலெக்ட்ரிகல் கடையை அடைத்துவிட்டு வந்தால் நேரே அதற்கு முன்னால்தான் நாற்காலி. சாப்பாட்டைக் கொடுத்தால் உள்ளே வளர்கிற பவளத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார், குழம்பில் உப்பில்லாவிட்டாலும் தெரியாது. "கிருபா" என்று கூப்பிட்டால் கண்ணாடி துடைக்கத் துணி கேட்பதற்காக இருக்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்து பேச்சும் கைகாலும் போனபிறகு, கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போடச் சொன்னது நீங்கள்தான். நல்ல யோசனை. ஒரு தரம் கண்ணை மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பழக்கி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பாஷை தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான். அவர் கண் மட்டும் தொட்டியில் இருந்தது.

அப்புறம் கொச்சியிலிருந்து ஒரு பவளத்துண்டு வாங்கிவந்து உள்ளே வைத்தீர்கள். கொஞ்ச நாளில் அதன் அடியில் பச்சையாக இரண்டு மணிகள் தெரிந்தன. கண்ணாடிபோல் மினுமினுப்பு, திராட்சைப் பிஞ்சு அளவு. போட்டோ அனுப்பினேன். முட்டையா, கடற்பஞ்சா, பாசியா என்று நீங்களே திணறினீர்கள். அவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்குத்தான் தொட்டியை விட்டு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"பாசியாங்க?" என்றேன். ஒரு தரம் மூடினார். "எடுத்துரணுமா?" மறுபடியும் மூடினார்.

நீங்களும் பிறகு விசாரித்து, குமிழ்ப்பாசிதான் என்றீர்கள். தண்ணீருக்குள் உடைந்தால் அதனுள் இருக்கும் விதையெல்லாம் பரவிவிடும், கல்லோடு வெளியே எடுத்து வேறு வாளியில் வைத்துப் பூப்போலப் பெயர்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். எனக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. தொட்டிக்குள் கையை விட்டு, இரண்டையும் நகத்தால் நசுக்கினேன்.

அந்தப் பார்வை திரும்ப வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். குமிழ் பெருகப் பெருக அவர் என்னையே பார்த்தார். அடுப்படிக்குப் போனால் கதவுவரை அவர் கண் கூடவே வந்தது. என்னை யாரும் அப்படித் தேடியதில்லை தம்பி. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வளர்ந்ததையெல்லாம் நசுக்கிக்கொண்டே வந்தேன்.

சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றீர்கள். நான் குழாயில் வருகிற பெரியாற்றுத் தண்ணீரை ஊற்றினேன். கம்பம் பள்ளத்தாக்கே கையெடுத்துக் கும்பிடுகிற தண்ணீர், பாசிக்கும் நன்றாக ஒத்துக்கொண்டது. பாசி தின்னும் பச்சை நண்டுகளைப் பஸ்ஸில் அனுப்பினீர்களே, வழியிலேயே செத்துவிட்டன என்று சொன்னேன். சாகவில்லை. பார்சலைப் பிரிக்காமல் மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டேன். உள்ளே சுரண்டுகிற சத்தம் மத்தியானம்வரை கேட்டது.

ஒருநாள் வீடியோ காலில், "அண்ணே எதுக்கு மதினி இம்புட்டுக் கண்ணச் சிமிட்டுறாக?" என்று கேட்டீர்கள், ஞாபகம் இருக்கும்.

"லைட்டு கூசுது தம்பி" என்றேன்.

கூசவில்லை. இல்லை, இல்லை என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் பக்கம் பார்க்க முயற்சி செய்யவில்லை. பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

பாசி மூடிப் பவளம் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தது. கடைசியாக மிஞ்சிய கோமாளி மீனும் ஒருக்களித்து மிதந்தது. அதை அவர் கண்ணெதிரேதான் எடுத்தேன். கண்ணீர் வடிந்து காதுக்குள் இறங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இத்தனை அந்நியோன்னியமாக இருந்ததே இல்லை.

தொட்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, அதற்கு முன்னால் அவருடைய பழைய நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இப்போது அவர் கண்ணுக்கு எதிரே நான்தான். நீங்கள் வந்ததிலிருந்து அவர் கண்ணை மூடியே கிடக்கிறார் என்கிறீர்கள். அசதி தம்பி, மருந்து வேகம். காலையில் கஞ்சி கொடுக்கும்போது திறந்தார். "இனிமே நாம ரெண்டு பேருந்தான். சந்தோசந்தானங்க?" என்று கேட்டேன்.

இரண்டு தரம் மூடினார். கண்ணில் தூசி விழுந்திருக்கும். துடைத்துவிட்டேன்.